கம்பங்கொல்லையும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலும்

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் ராகி போடுகிறவர்கள் விதைக்காகக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. போன வருடம் களத்தில் நல்ல கதிராகப் பொறுக்கி எடுத்து வைத்ததே போதும். பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகமாக இருந்தாலும், பாட்டன் காலத்து நாட்டு ராகியாக இருந்தாலும், முளைத்து வருவது தாயைப் போலத்தான் இருக்கும். வீரிய ஒட்டுக் கம்பு அப்படியல்ல. ஒவ்வொரு பட்டத்துக்கும் புதுப் பை வாங்க வேண்டும். விளைந்த கதிரிலிருந்தே விதை எடுத்துப் போட்டால் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் வரும், ஒன்று முந்திப் பூக்கும், இன்னொன்று பிந்தும். சில செடிகளில் கதிர் வந்தும் மகரந்தம் இருக்காது.

நெட்டை குட்டை ஏன் என்பதற்குப் பள்ளிக்கூடத்து மெண்டல் பாடமே பதில் சொல்லிவிடும். அந்தக் கடைசிச் சங்கதிதான் கொஞ்சம் ஆழமானது. மகரந்தம் இல்லாமல் போவதற்கான காரணம் உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அதற்கு மாற்று மருந்து உட்கருவில் இருக்கிறது. மருந்து ஓரிடத்திலும் நோய் வேறோரிடத்திலும் இருந்தால் நடுவில் ஒரு பயணம் நடந்தாக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே தயாராகும் ஒரு புரதம், இரண்டு சவ்வுகளைக் கடந்து உள்ளே போக வேண்டும். அந்த நுழைவு எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. கம்புக்கு மட்டுமல்ல, நம் உடம்பின் ஒவ்வொரு தசைக்கும் நரம்புக்கும் இது பொருந்தும்.

மைட்டோகாண்ட்ரியா என்றதும் ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. தனக்கென்று டிஎன்ஏ வைத்திருக்கிறது, தனக்கென்று ரைபோசோம் வைத்திருக்கிறது, ஆகவே பாதி சுயாட்சி பெற்ற உறுப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கணக்கைப் பார்த்தால் அந்தச் சுயாட்சி கரைந்துபோகும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதையும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1981-ல் படித்து முடித்தார்கள். 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அந்த 37-ல் 24 ஆர்என்ஏவுக்கு மட்டும். புரதம் செய்யக் குறிப்பு வைத்திருப்பவை மீதி 13. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை பார்க்கும் புரதங்கள் ஆயிரத்து நூறு வகைக்கு மேல். ஈஸ்ட்டில் இது இன்னும் மோசம்: எட்டு சொந்தம், ஏறக்குறைய ஆயிரம் வெளிவரவு. சொந்த டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிகூட வெளியிலிருந்து வருவதுதான். சொந்த ரைபோசோமின் புரதங்களும், மனிதரில் ஒன்றுவிடாமல், வெளிவரவுதான். அந்த 13-ஐச் செய்வதற்கான தளவாடமே இறக்குமதி என்றால் சுயாட்சி எங்கே இருக்கிறது?

ஏன் இப்படி? மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு செல்லுக்குள் குடியேறியது. இந்தக் கருத்தை 1967-ல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் உரக்கச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இன்று யாரும் மறுப்பதில்லை. குடியேறிய பிறகு அதன் மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக உட்கருவுக்கு இடம் பெயர்ந்தன, பல தொலைந்தும் போயின. மரபணு மட்டும் போய்விட்டால் போதாது. அது சொல்லித் தயாராகும் புரதம் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தால்தான் அந்த இடப்பெயர்ச்சி நிலைக்கும். எனவே நுழைவு வழி முதலில், அல்லது கூடவே, உருவாகியிருக்க வேண்டும். அந்த வழி இல்லாதிருந்தால் அந்தப் பாக்டீரியா ஒரு வாடகைக்காரனாகவே இருந்திருக்கும், உறுப்பாக மாறியிருக்காது என்பது என் எண்ணம்.

மிச்சமிருக்கும் 13 ஏன் போகவில்லை என்பதற்கு ஒருமித்த பதில் இல்லை. அவை தண்ணீரை அறவே வெறுக்கும் சவ்வுப் புரதங்கள், வெளியே செய்தால் திசைமாறி வேறு சவ்வில் போய்ச் செருகிக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம். உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் புரதத் தொகுதிகளான சுவாசச் சங்கிலியின் மையத் துண்டுகளை அந்தந்த மைட்டோகாண்ட்ரியா தன் தேவைக்கேற்பத் தானே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

இனி நுழைவுக்கு வருவோம். செல்லின் திரவத்தில் மிதக்கும் ரைபோசோம்களில் புரதம் தயாராகிறது. 1970-களின் கடைசிவரை இது எப்படி உள்ளே போகிறது என்று யாருக்கும் தெளிவில்லை. சுரக்கும் புரதங்களைப் போல, செய்யப்படும்போதே சவ்வுக்குள் நூலாக இறங்கிவிடுகிறதா, அல்லது செய்து முடித்த பிறகு போகிறதா? மியூனிக்கில் வால்டர் நாய்பெர்ட் குழு நியூரோஸ்போரா என்ற பூஞ்சையை வைத்தும், பாசலில் காட்ஃபிரீட் ஷாட்ஸ் குழு ஈஸ்ட்டை வைத்தும் பார்த்தன. 1979-ல் ஷாட்ஸ் குழு காட்டியது இது: மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்கள் வெளியே முழுமையாகத் தயாராகின்றன. அப்போது அவை இறுதி அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கின்றன. உள்ளே போன பிறகு அந்த உபரித் துண்டு வெட்டப்படுகிறது. ஷாட்ஸ் இதற்கு முன்பே, 1964-ல் வியன்னாவில் இருந்தபோது, ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் டிஎன்ஏ இருப்பதை வேதியியல் முறையில் நிறுவியவர்களில் ஒருவர். சொந்த டிஎன்ஏவைக் கண்டுபிடித்தவரே அது எவ்வளவு போதாது என்பதையும் கண்டுபிடிக்கப் போனார்.

வெட்டப்படும் அந்த உபரித் துண்டுதான் வழிகாட்டி. புரதத்தின் தலைமாட்டில், பெரும்பாலும் 15 முதல் 50 அமினோ அமிலம் நீளத்தில் இருக்கும். முன்தொடர் என்று சொல்லலாம். 1984-ல் ஷாட்ஸ் குழு அதை ஒரு புரதத்திலிருந்து எடுத்து, சுட்டெலியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் தலையில் ஒட்டியது. அந்த நொதிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒட்டியதும் அது நேரே மைட்டோகாண்ட்ரியாவின் நடு அறைக்குள் போய்ச் சேர்ந்தது. எங்கே போக வேண்டும் என்ற தகவல் முழுவதும் அந்தத் தலைத் துண்டில்தான் இருக்கிறது, பின்னால் வரும் உடல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று இதிலிருந்து தெரிந்தது.

அந்தத் துண்டில் அப்படி என்ன எழுதியிருக்கிறது? இதுதான் ஆச்சரியம். குறிப்பிட்ட எழுத்து வரிசை எதுவும் இல்லை. இரண்டு முன்தொடர்களை அருகருகே வைத்தால் ஒன்றுபோல் இருக்காது. பொதுவாக இருப்பது ஒரு தன்மை மட்டுமே. சுருளாகச் சுருண்டால் ஒரு பக்கம் நேர்மின் சுமை கொண்டதாகவும் மறுபக்கம் எண்ணெய்த் தன்மை கொண்டதாகவும் அமையும். அவ்வளவுதான் தேவை. 1987-ல் ஷாட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவைக் கண்டபடி துண்டாக்கி, முன்தொடர் நீக்கப்பட்ட ஒரு புரதத்தின் தலையில் பொருத்திப் பார்த்தார்கள். நூற்றில் இரண்டு மூன்று துண்டுகள் வழிகாட்டியாக வேலை செய்தன. மைட்டோகாண்ட்ரியாவோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாத துண்டுகள்! அனுமதிச் சீட்டு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

அடுத்த பரிசோதனை 1986-ல் நடந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான பரிசோதனை இதுதான். முன்பு சொன்ன ஒட்டுப் புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸோடு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடச் சொல்லும் அதே மாத்திரை. பிணைந்துகொண்டால் அந்தப் புரதம் தன் மடிப்பைவிட்டு அவிழாது. அந்த நிலையில் அதை மைட்டோகாண்ட்ரியாவோடு வைத்தால் உள்ளே போகவில்லை. மருந்து இல்லாவிட்டால் போனது. முன்தொடர் இரண்டிலும் இருந்தது. ஆகவே அனுமதிச் சீட்டு மட்டும் போதாது, புரதம் அவிழவும் வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி உள்ளே விடுகிறோம். ஊக்கு வழி கண்டுபிடித்துப் போகும், நாடா பின்னால் வரும், மறுபுறம் வந்ததும் ஊக்கைக் கழற்றிவிடுவோம். நாடாவின் நடுவில் ஒரு முடிச்சு விழுந்திருந்தால் ஊக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அந்த வாசல் எதனால் ஆனது என்று தேடியதில் பல ஆய்வகங்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓட்டின. கண்டுபிடித்த ஒவ்வொரு புரதத்துக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். 1996-ல்தான் எல்லோரும் கூடி வெளிச்சவ்வில் இருப்பவற்றுக்கு டாம், உட்சவ்வில் இருப்பவற்றுக்கு டிம் என்று பெயர் ஒழுங்கு செய்தார்கள். பின்னால் வரும் எண் அந்தப் புரதத்தின் எடை, கிலோடால்டன் கணக்கில்.

வெளிச்சவ்வில் டாம்20, டாம்22, டாம்70 ஆகியவை தலை நீட்டி நிற்கின்றன. முன்தொடரின் எண்ணெய்ப் பக்கத்தை டாம்20 பற்றுகிறது, நேர்மின் பக்கத்தை டாம்22 கவனிக்கிறது. உண்மையான துளை டாம்40. பீப்பாய் வடிவம், அதன் உட்சுவரில் எதிர்மின் பட்டைகள். இதன் அமைப்பை ஏறத்தாழ அணு அளவுக்குத் துல்லியமாக 2019-ல் இரண்டு குழுக்கள் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தன. ஒரு புரதச் சங்கிலி அவிழ்ந்த நிலையில் போகலாம், மடிந்த புரதம் போக முடியாத அகலம்.

வெளிச்சவ்வைக் கடந்த தலை, உட்சவ்வில் டிம்23 தொகுதியின் கையில் சேர்கிறது. இங்கேதான் மின்சாரம் வேலை செய்கிறது. சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், உள்பக்கம் எதிர்மின்னாக, 150 மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. கேட்கச் சின்ன எண். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஐந்தாறு நானோமீட்டர். ஒரு மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று கோடி வோல்ட் வருகிறது. நேர்மின் சுமை கொண்ட முன்தொடர் அந்தப் புலத்தில் உள்ளே இழுபடுகிறது. மின்னழுத்தத்தைக் குலைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் நுழைவு நின்றுவிடும்.

தலை நுழைந்த பிறகு உடலை இழுப்பது வேறொரு கருவி. டிம்44 என்ற புரதம் உள்பக்க வாயிலில் நின்றபடி மைட்டோகாண்ட்ரியாவின் ஹெச்எஸ்பி70 என்ற துணைப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹெச்எஸ்பி70 உள்ளே வரும் சங்கிலியைக் கவ்வும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழிக்கும், அடுத்தது கவ்வும். சங்கிலி தானாகத் தள்ளாடும்போது பின்வாங்க விடாமல் பிடித்துக்கொள்வதா, அல்லது உண்மையிலேயே விசையோடு இழுப்பதா என்று நாய்பெர்ட், ஷாட்ஸ், ஃப்ரைபுர்க்கின் நிக்கோலாஸ் ஃபான்னர் ஆகியோரின் முகாம்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின. உள்ளே வந்ததும் எம்பிபி என்ற நொதி முன்தொடரைக் கத்தரித்துவிடும். தாவரங்களில் இந்தக் கத்தரி தனியாகக்கூட இல்லை, சுவாசச் சங்கிலியின் மூன்றாவது தொகுதியோடு ஒட்டியே இருக்கிறது. சுவாசிக்கும் இயந்திரத்தின் ஓரத்திலேயே தபாலைப் பிரிக்கிற வேலையும் நடக்கிறது.

உட்சவ்வின் துளை டிம்23-தான் என்று முப்பது ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் படம் போட்டு வந்தன. 2023-ல் வந்த இரண்டு ஆய்வுகள் அந்தப் படத்தை மாற்றின. சங்கிலி போகும் பாதை டிம்17-ஐ ஒட்டியது. அதுவும் மூடிய குழாயாக இல்லை, சவ்வின் பக்கம் திறந்த ஒரு பள்ளமாக இருக்கிறது. நம் மாணவர்களின் கையில் இருக்கும் வழிகாட்டிகளில் இது வர இன்னும் எத்தனை பதிப்பு ஆகுமோ.

முன்தொடர் வைத்திருப்பவை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மற்றவற்றுக்கு வேறு பாதைகள். ஏடிபியை வெளியே கொண்டுவரும் கடத்திப் புரதங்களுக்கு வெட்டப்படும் தலை கிடையாது, சமிக்ஞை உடலுக்குள்ளேயே இருக்கிறது. அவை டிம்22 வழியாக உட்சவ்வில் பதிகின்றன. பீப்பாய்ப் புரதங்கள் ஒருமுறை டாம் வழியாக உள்ளே போய், திரும்ப வெளிச்சவ்வில் சாம் என்ற தொகுதியால் செருகப்படுகின்றன. சாமின் மையப் புரதம் பாக்டீரியாக்களில் அதே வேலை செய்யும் புரதத்தின் நேரடி உறவினர், அந்தப் பழைய பாக்டீரியா விட்டுச்சென்ற சொத்து. இரண்டு சவ்வுக்கும் இடையிலுள்ள சந்தில் தங்க வேண்டிய சிறு புரதங்களை மியா40 என்ற புரதம் கந்தகப் பிணைப்பு போட்டு மடித்துப் பிடித்துக்கொள்கிறது. மடிந்துவிட்டதால் அவை திரும்பிப் போக முடியாது. அந்தச் சந்தில் எண்ணெய்த் தன்மையுள்ள புரதங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும் சிறு டிம்களும் உண்டு. அவற்றில் ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் ஆண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே காது கேட்காமல் போய், பின்னால் தசை இறுக்கமும் பார்வைக் குறையும் வரும். மோர்-ட்ரானெபியார்க் நோய் என்பார்கள்.

இத்தனை பாகங்களில் எது இல்லாமல் வாழலாம், எது இல்லாமல் வாழ முடியாது என்று ஈஸ்ட்டைக் கேட்டால் அதன் பதில் நம் இரண்டு மதிப்பெண் விடையைக் கவிழ்த்துவிடும். சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் சுவாசம் இல்லாமலே வாழும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதையும் இழந்தும் வாழும், சின்னச் சின்னக் கூட்டங்களாக, மெதுவாக. ஆனால் டாம்40-க்கான மரபணுவை நீக்கினால் செத்துப்போகிறது. இன்று டாம்40 என்று அறியப்படும் அந்தப் புரதம் உயிருக்கு இன்றியமையாதது என்று 1990-லேயே ஷாட்ஸ் குழு காட்டிவிட்டது. ஆற்றலைத் துறக்கலாம், சொந்த மரபணுவைத் துறக்கலாம், வாசலைத் துறக்க முடியாது. காரணம், இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகள் மைட்டோகாண்ட்ரியாவில்தான் கட்டப்படத் தொடங்குகின்றன. உட்கருவின் டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் நொதிகளுக்குக்கூட அவை தேவை. அவற்றைக் கட்டும் ஆட்கள் எல்லோரும் வெளியிலிருந்து வருகிறவர்கள்.

ஈஸ்ட் மட்டும் சாட்சியில்லை. கலங்கிய தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஒரு காரணமான ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியிடம் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்று நெடுநாள் நினைத்தார்கள். 2003-ல் அதன் மிச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. டிஎன்ஏ கிடையாது, ஏடிபி தயாரிப்பு கிடையாது, சுவாசம் கிடையாது. ஆனால் இரும்பு-கந்தகக் கொத்து கட்டும் வேலை இருக்கிறது, டாம்40-உம் இருக்கிறது. எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்த பிறகும் வாசலும் ஒரு பட்டறையும் மிஞ்சியிருக்கின்றன. ஒரே ஒரு விதிவிலக்கு 2016-ல் தெரியவந்தது. மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற நுண்ணுயிர் மைட்டோகாண்ட்ரியாவை முழுவதுமாகக் கைவிட்டிருக்கிறது. எப்படி முடிந்தது? அந்தக் கொத்துகளைக் கட்டும் வேறொரு முறையை ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருக்கிறது. விதிவிலக்கும் அதே விதியைத்தான் சொல்கிறது.

இப்போது கம்புக்கு வரலாம். ஒரு கம்பங்கதிரில் ஆயிரத்துக்கு மேல் சின்னஞ்சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையைக் கையால் நீக்கி ஏக்கர் கணக்கில் ஒட்டு விதை உற்பத்தி செய்ய முடியாது. அதனால் மகரந்தமே வராத பெண் பெற்றோர் வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் 1958-ல் அப்படியொரு கம்பைக் கண்டெடுத்தார். அதிலிருந்து உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற வரிசையைத் தாயாக வைத்துத்தான் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு 1965-ல் பஞ்சாபிலிருந்து வெளிவந்தது. இந்த மலட்டுத்தன்மை தாய்வழியாக மட்டுமே கடக்கும், ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகக் கடக்கிறது.

தாவர மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது, அடிக்கடி உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலைப்பில் சில சமயம் விநோத மரபணு ஒன்று பிறக்கிறது. அதன் புரதம் இலைக்கும் வேருக்கும் பெரிய தொல்லை தருவதில்லை. மகரந்தம் உருவாகும் நேரத்தில், ஆற்றல் தேவை உச்சத்தில் இருக்கும்போது, காலை வாரிவிடும். உட்கரு சும்மா இருக்குமா? மீட்பு மரபணு என்று ஒன்றை வைத்திருக்கும். பெட்டூனியாவில் 2002-லும், பிறகு முள்ளங்கியிலும் நெல்லிலும் இந்த மீட்பு மரபணுக்களைப் பிரித்து எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை பிபிஆர் என்ற ஒரே குடும்பத்துப் புரதங்கள். ஆர்என்ஏவைப் பிடிப்பவை. தலையில் முன்தொடரோடு தயாராகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், அந்த விநோத மரபணுவின் ஆர்என்ஏவைச் செயலிழக்கச் செய்கின்றன அல்லது அதிலிருந்து புரதம் தயாராகாமல் தடுக்கின்றன. அவை நுழையாவிட்டால் மீட்பும் இல்லை.

விதை உற்பத்தி வயலில் மலட்டுப் பெண் வரிசைகளுக்கு இடையிடையே மீட்பு மரபணு கொண்ட ஆண் வரிசைகள் நிற்பது இதற்காகத்தான். பெண் வரிசையில் விளைந்த ஒட்டு விதையில் மைட்டோகாண்ட்ரியா மலட்டுத் தாயுடையது, மீட்பு மரபணு தந்தையுடையது. விவசாயியின் கொல்லையில் அந்தச் செடி மகரந்தம் விட்டு மணி பிடிக்கும். அடுத்த தலைமுறைக்கு அதன் விதையையே எடுத்தால், மீட்பு மரபணு ஒன்றாக இருக்கும் பட்சத்தில், நாலில் ஒரு செடிக்கு அது கிடைக்காது. மகரந்தம் இல்லாத கதிர்கள் அப்படி வருபவை. காற்று பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சமாளித்துவிடும் என்றாலும், வீரியம் கலைவதால் வரும் விளைச்சல் குறைவு அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போடுகிற முட்டைக்கோஸ் ஒட்டு இரகங்கள் பலவற்றிலும் மைட்டோகாண்ட்ரிய மலட்டுத்தன்மைதான் பயன்படுகிறது. அது ஜப்பானிய முள்ளங்கியில் 1968-ல் ஒகுரா என்ற ஆய்வாளர் கண்டெடுத்தது. முட்டைக்கோஸில் நாம் தின்பது இலையை. மணி பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மீட்பு மரபணுவைச் சேர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. கொல்லையில் நிற்கும் செடி மலடாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மக்காச்சோளத்தில் இந்த விளையாட்டு ஒருமுறை விபரீதமாக முடிந்தது. டெக்சாஸ் வகை மலட்டுத்தன்மைக்குக் காரணமான டி-யுஆர்எஃப்13 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உட்காரும். ஒரு வகை இலைக்கருகல் பூஞ்சையின் நச்சு அதோடு சேர்ந்தால் சவ்வில் ஓட்டை விழும். 1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி இந்த ஒரே தாய்வழியில் இருந்தது. அந்த ஆண்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிற்று.

வாசலின் விதிகள் இன்றைய மரபணுத் திருத்தத்தையும் கட்டுப்படுத்துகின்றன. உட்கருவில் கொடிகட்டிப் பறக்கும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி மைட்டோகாண்ட்ரியாவில் திணறுகிறது. அதற்கு வழிகாட்டி ஆர்என்ஏ ஒன்று கூடவே வர வேண்டும், இந்த வாசலோ புரதத்துக்கானது. அதனால் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆர்என்ஏ தேவைப்படாத டேலன் என்ற வெட்டுப் புரதத்தின் தலையில் முன்தொடரை ஒட்டினார்கள். 2019-ல் நெல்லிலும் ஒரு கடுகு வகையிலும் மலட்டுத்தன்மை தரும் மரபணுவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே வெட்டி நீக்கினார்கள். செடிகள் மணி பிடித்தன. 1984-ன் ஒட்டுவேலையேதான், முப்பத்தைந்து ஆண்டு கழித்து.

மனித நோய்களுக்கு வந்தால், நுழைவு நடக்காமல் போவதையே செல் ஓர் அபாயக் குறியாகப் பயன்படுத்துகிறது. பிங்க்1 என்ற புரதம் சாதாரணமாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அழிக்கப்பட்டுவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதாகி மின்னழுத்தம் விழுந்தால் அதை உள்ளே இழுக்க ஆளில்லை. வெளிச்சவ்வில், டாம் வாசலருகே தேங்கி நிற்கும். தேங்கியதும் பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும், அந்த மைட்டோகாண்ட்ரியா முழுவதும் கழிவாக அகற்றப்படும். இந்த இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம். பெரும்பாலான பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் காரணம் இது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகச் சிறுநீரகக் கல். தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசினாலே ஃபுளோரைடு வந்துவிடும். அது பல்லையும் எலும்பையும் பிடிக்கிற சங்கதி, கல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் காணும் கற்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் காரணங்களால் வருபவை. ஆனால் சிறு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப ஆக்சலேட் கல் வந்து சிறுநீரகமே பழுதாகிற ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. அதன் ஒரு வடிவத்தில் நொதியில் குறையே இல்லை, அது இருக்கும் இடம்தான் தவறு.

ஏஜிடி என்ற அந்த நொதி, விட்டுவைத்தால் ஆக்சலேட்டாக மாறிவிடும் கிளையாக்சலேட் என்ற பொருளைக் கல்லீரலில் ஆபத்தில்லாத பொருளாக மாற்றுகிறது. மனிதரில் அது பெராக்சிசோம் என்ற வேறொரு சிறு உறுப்பில் இருக்க வேண்டும். பூனையில் அது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, முயலில் பெராக்சிசோமில், எலியில் இரண்டிலும். இறைச்சி தின்பவற்றுக்குக் கிளையாக்சலேட் பெரிதும் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகிறது, தழை தின்பவற்றுக்குப் பெராக்சிசோமில். நொதி உணவைப் பின்தொடர்ந்து இடம் மாறியிருக்கிறது. முன்தொடர் அவ்வளவு மலிவானது என்பதால் பரிணாமத்துக்கு இது எளிதாக இருந்திருக்கும்.

அதே மலிவுதான் நோயாளியின் உடலில் எதிராக வேலை செய்கிறது. ஏஜிடியின் 11-ஆவது அமினோ அமிலம் புரோலினுக்குப் பதில் லூசினாக இருப்பது பலரிடம் காணும் சாதாரண வேறுபாடு. அது ஒன்றே தலைப்பகுதியைப் பலவீனமான முன்தொடராக மாற்றிவிடுகிறது. ஆனாலும் தீங்கில்லை, ஏனென்றால் ஏஜிடி விரைவாக மடிந்து இரட்டையாகச் சேர்ந்துகொள்ளும். மடிந்தது டாம்40 வழியாக நுழையாது. இதோடு 170-ஆவது இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறியிருந்தால் மடிவது தாமதமாகிறது. அவிழ்ந்து கிடக்கும் அந்த இடைவெளியில் மைட்டோகாண்ட்ரியா அதை இழுத்துக்கொள்கிறது. நொதியின் பெரும்பகுதி தவறான அறையில் போய்ச் சேர்கிறது.

இந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் முதலில் கொடுத்துப் பார்ப்பது பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, அதிக அளவில், கண்காணிப்போடு. (கல் இருக்கிறது என்று சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியது அல்ல.) 170-ஆவது இடத்து மாற்றம் உள்ளவர்களுக்கு இது நன்றாகக் கேட்கிறது, மற்ற மாற்றங்கள் பலவற்றுக்குக் கேட்பதில்லை. உடலில் பி6 மாறும் வடிவம் ஏஜிடியோடு பிணைந்து அதன் மடிப்பை உறுதியாக்குகிறது. பெராக்சிசோமின் வாசல் மடிந்த புரதத்தையும் ஏற்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் ஏற்காது. பாசலில் 1986-ல் மெத்தோட்ரெக்சேட் அந்த ஒட்டுப் புரதத்துக்குச் செய்ததை, ஒரு குழந்தையின் கல்லீரலில் பி6 ஏஜிடிக்குச் செய்கிறது.